புது வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்க்கா?

புதிதாக வீடு கட்டுபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: தெருவில் நகராட்சியின் பாதாளச் சாக்கடை இருக்கிறது, அல்லது விரைவில் வரப்போகிறது என்கிறார்கள்; அதில் இணைப்பு வாங்குவதா, இல்லை வீட்டு வளாகத்துக்குள்ளேயே செப்டிக் டேங்க் கட்டிக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் இருந்துவிடுவதா? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருக்குழாயில் இன்றைக்கு ஓட்டம் இருந்து, அதன் மறுமுனையில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் இருந்து, உங்கள் வீட்டின் மட்டமும் அதற்கு ஒத்துவந்தால், இணைப்பு வாங்குவதே சரி. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செப்டிக் டேங்க் கட்டுங்கள்; ஆனால் பிற்பாடு இணைப்புக்கு மாறும் வழியை இப்போதே வைத்துக் கட்டுங்கள். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் சற்று நீளமானவை, ஏனென்றால் இரண்டு முறைகளைப் பற்றியும் மக்களிடையே நிலவும் நம்பிக்கைகள் பாதிதான் உண்மை.

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தம் செய்துவிடுகிறது என்பது அவற்றுள் முதலாவது. தொட்டிக்குள் நடப்பது பெரும்பாலும் தேக்கிப் பிரிக்கும் வேலைதான். கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் சோப்பும் மேலே ஏடுகட்டி மிதக்கின்றன. இடையில் நிற்கும் கலங்கல் நீர் அடுத்த அறைக்குச் சென்று அங்கிருந்து வெளியேறுகிறது. காற்றில்லாத சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் அடிக்கசட்டின் ஒரு பகுதியைச் செரித்து மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்களாக மாற்றுகின்றன. முறையாகக் கட்டிய தொட்டி, நீரில் கலந்துவரும் திடப்பொருளில் 50 முதல் 70 விழுக்காடு வரை நிறுத்திக்கொள்ளும். பாக்டீரியாக்கள் உண்ணக்கூடிய கரிமக் கழிவில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு குறையும். நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை தொட்டியால் பெரிய பயன் இல்லை. வெளியேறும் நீரில் 100 மில்லிலிட்டருக்குக் குடல் பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆகவே தொட்டியிலிருந்து வழியும் நீரைத் திறந்த வாய்க்காலில் விட்டுவிட்டு ‘எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது’ என்று சொல்வதற்கும், கழிவறைக் குழாயையே வாய்க்காலில் விடுவதற்கும் நோய் பரவும் விஷயத்தில் அதிக வேறுபாடு கிடையாது.

உண்மையான சுத்திகரிப்பு தொட்டிக்கு அடுத்த கட்டத்தில், அதாவது உறிஞ்சுகுழியைச் சுற்றியோ துளைக்குழாய் பதித்த கசிவு வாய்க்காலின் அடியிலோ உள்ள மண்ணில்தான் நடக்கிறது. நீர் மெல்ல இறங்கும்போது, மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்கும் வரையில், அங்குள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய கரிமப் பொருளைத் தின்றுவிடுகின்றன. நோய்க்கிருமிகள் மண்ணில் சிக்கிப் பட்டினியால் மடிகின்றன. இது நடக்க வேண்டுமானால் குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஈரம் தேங்காத மண் இருக்க வேண்டும். களிமண்ணில் நீர் இறங்காது. கொஞ்ச நாளில் குழி நிரம்பி மேலே வழியும். பருமணலிலும் வெடிப்புவிட்ட பாறையிலும் நேர்மாறாக, நீர் மளமளவென்று இறங்கிவிடும். இந்த இரண்டாவது நிலையைத்தான் வீட்டுக்காரர்கள் ‘நம் குழி நிரம்புவதே இல்லை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். கழிவு சுத்தமாகாமல் நேராக நிலத்தடி நீரில் சேர்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

மண் எப்படிப்பட்டது என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உறிஞ்சுகுழி வரப்போகும் இடத்தில், அது எட்டும் ஆழத்துக்குச் சிறிய குழி ஒன்றைத் தோண்டி, முதல் நாள் இரவு நீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் விட்டு, நீர்மட்டம் 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குச்சியில் குறியிட்டுப் பார்க்கலாம். ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் அந்த இடம் சாதாரண உறிஞ்சுகுழிக்கு உகந்ததன்று. நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் மழைக்காலத்தில் செய்யும் சோதனையைத்தான் நம்பலாம். கோடையில் எந்த மண்ணும் நல்ல பெயர் வாங்கிவிடும். கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால், உங்களுடையதாயினும் அடுத்த வீட்டாருடையதாயினும், கசிவு இடத்திலிருந்து 15 முதல் 30 மீட்டர் வரை தள்ளி இருக்க வேண்டும் என்பது பல நாட்டு விதிகளிலும் காணப்படும் அளவு. அடுத்தடுத்து வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில் இந்த ஒரு நிபந்தனையே கேள்விக்கு விடை சொல்லிவிடும்.

நெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது நைட்ரேட்டைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நல்ல மண்ணாலும் அதை அதிகம் தடுக்க முடியாது. ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றுகிறார். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது 20 கிலோ. மண்ணில் பாதி வாயுவாகிப் போய்விடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 கிலோ நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், அதாவது நைட்ரஜன் கணக்கில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு; அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு. 10 கிலோவை அந்த வரம்புக்குள் நீர்க்கச் செய்ய ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் லிட்டர் தூய நீர் வேண்டும். ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம் என்று கொண்டால், அதற்கு 4,500 சதுர மீட்டர் நிலம், அதாவது ஓர் ஏக்கருக்கும் சற்று அதிகமான நிலம் தேவை. இது தோராயக் கணக்குதான். மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். ஆயினும் ஓர் ஏக்கரில் பத்து, பதினைந்து வீடுகள் எழுந்து, ஒவ்வொன்றிலும் செப்டிக் டேங்க்கும் அதனருகிலேயே ஆழ்துளைக் கிணறும் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. தனி வீட்டில் குற்றமே காண முடியாத தொட்டிகள் கூட்டமாகச் சேரும்போது நிலத்தடி நீரைக் கெடுக்கின்றன. இணைப்பின் பக்கம் நான் சாய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இணைப்பைப் பற்றியும் ஒரு பாதி உண்மை உண்டு: குழாயில் விட்டுவிட்டால் கழிவு தொலைந்தது என்று நினைப்பது. லண்டன் மாநகரம் இதற்குப் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தது. வீடுகளுக்குக் கீழே இருந்த மலக்குழிகளே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1848இல் ஏற்படுத்தப்பட்ட சாக்கடை ஆணையம் அக்குழிகளை மூடி வீட்டுக்குழாய்களைத் தெருச் சாக்கடைகளில் இணைக்கச் செய்தது. அந்தச் சாக்கடைகள் தேம்ஸ் ஆற்றில் கலந்தன. நகரின் குடிநீரில் பெரும்பகுதியும் அதே ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1858 கோடையில் ஆறு நாறி நாடாளுமன்றமே திணறிய பிறகுதான், ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் வடிவமைத்த பெருஞ்சாக்கடைத் திட்டத்துக்கு வழி பிறந்தது. இதற்கிடையே 1854இல் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அங்கிருந்த ஓர் அடிகுழாயின் மீது சந்தேகப்பட்டார். பின்னர் தோண்டிப் பார்த்ததில், அதன் கிணற்றிலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் செங்கல் சுவர் பெயர்ந்த மலக்குழி ஒன்று இருந்தது தெரியவந்தது. அதே நகரத்தில், சில ஆண்டு இடைவெளியில், கசியும் குழியாலும் மக்கள் மடிந்தார்கள், சுத்திகரிப்பு இல்லாத இணைப்பாலும் மடிந்தார்கள்.

ஆகவே நகராட்சி அலுவலகத்தில் இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எங்கள் தெருக்குழாய் எந்த நிலையத்துக்குப் போகிறது, அந்த நிலையம் இயங்குகிறதா என்பது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட, காற்றூட்டிக் கசட்டிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவைத் தின்ன வைக்கும் முறையைப் பின்பற்றும் நிலையங்கள் நன்றாக நடந்தால் கரிமக் கழிவில் 85 முதல் 95 விழுக்காடு வரை நீக்கிவிடும். எந்த வீட்டுத் தொட்டியாலும் இதை எட்ட முடியாது. நிலையமே இல்லாமல் குழாய் மட்டும் ஏரியில் போய் முடிகிறது என்றால், உங்கள் இணைப்பினால் உங்கள் வீடு சுத்தமாகும், ஏரி கெடும். குழாய் பதித்து மேன்ஹோல் மூடியும் போட்டுவிட்டு, கழிவுநீரை மோட்டாரால் மேலேற்றி அனுப்பும் ஏற்று நிலையம் கட்டி முடிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடக்கும் திட்டங்களும் உண்டு. அவற்றை நம்பித் தொட்டி கட்டாமல் விட்டால் குடிபுகும் நாளில் திண்டாட வேண்டியிருக்கும். தெருவில் ஏற்கெனவே இணைப்புப் பெற்ற இரண்டு மூன்று வீட்டாரிடம் மழைக்காலத்தில் எப்படி ஓடுகிறது என்று விசாரிப்பது, அலுவலகத்தில் கிடைக்கும் எந்தத் தகவலையும்விடப் பயன்தரும்.

அடுத்தது மட்டம். பாதாளச் சாக்கடை பெரும்பாலும் புவியீர்ப்பால் ஓடுவது. குழாயில் கசடு படியாமல் அடித்துச் செல்லப்பட நீர் நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும், அதற்கு வாட்டம், அதாவது சரிவு வேண்டும். வீட்டிலிருந்து புறப்படும் 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 60க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால், 20 மீட்டர் தூரத்துக்கு 33 சென்டிமீட்டர் இறக்கம் ஆகும். கழிவறைகள் வீட்டின் பின்புறம் அமைந்து, குழாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு 40 மீட்டர் ஓடித் தெருவை அடைய வேண்டியிருந்தால் இறக்கம் 67 சென்டிமீட்டர். முதல் சேம்பரில், அதாவது குழாயைத் திறந்து பார்ப்பதற்கான மூடியுள்ள சிறு தொட்டியில், குழாய் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கினால், தெருவை எட்டும்போது அது ஒரு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கும். தெருக்குழாய் அதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் இணைக்க முடியும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பொறியாளரையோ கொத்தனாரையோ மேன்ஹோல் வரை மட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தரைமட்டத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்துவது வரைபடத்தில் ஒரு கோடு. வீடு முடிந்த பிறகு அதே 30 சென்டிமீட்டருக்காக மோட்டார் வைத்துக் கழிவுநீரை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தெருக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால் நீர் பின்னோக்கி ஏறும். மேல்புறத்து மேன்ஹோலின் மூடி வழியாக வழியத் தொடங்கும் வரை அது ஏறிக்கொண்டே போகும். உங்கள் வீட்டின் மிகத் தாழ்வான கழிவறையோ குளியலறை வடிகாலோ அந்த மூடியின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், தெருவில் வழிவதற்கு முன் உங்கள் குளியலறையில் வழியும். தாழ்வான இடத்தில் கட்டுபவர்கள் பின்னோட்டத் தடுப்பு வால்வு ஒன்றைத் திறந்து பார்க்கக்கூடிய சேம்பரில் பொருத்தியே ஆக வேண்டும், அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவவும் வேண்டும். மின்சாரம் நின்றால் ஏற்று நிலையம் நிற்கும், ஏற்று நிலையம் நின்றால் தெருவே தேங்கும் என்பதும் உண்மை. பொதுக் குழாயில் சேர்வது பொதுத் தொல்லைகளிலும் பங்கு கொள்வதுதான். செப்டிக் டேங்க் ஆதரவாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியை வீட்டுக்காரர்களே உண்டாக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு 120 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 600 லிட்டர் கழிவுநீர் வரும். அதே வீட்டின் 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். எட்டு நாள் கழிவுநீரை ஒரே மணி நேரத்தில் அனுப்புவதற்கு இது சமம். கழிவுநீருக்கு மட்டும் என்று அளவெடுத்துப் பதித்த குழாயில் மாடிக்குழாயைச் சேர்த்துவிட்டு, மழை பெய்தால் மேன்ஹோல் பொங்குகிறது என்று புகார் எழுதுவதில் பொருளில்லை. மழைநீரைத் தனியே சேகரிப்புக் குழிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ விடுங்கள். செப்டிக் டேங்க்குக்கும் இதே விதிதான். மழைநீர் உள்ளே பாய்ந்தால் படிந்த கசடு கலங்கி வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும்.

இனி, இணைப்பு கிடைக்காத இடத்தில் தொட்டி கட்டுபவர்களுக்கு. நாளொன்றுக்கு 600 லிட்டர் வரும் வீட்டில், கசடு நிறைந்திருக்கும் காலத்திலும் நீர் ஒரு முழு நாளாவது உள்ளே தங்க வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை கசடு சேரும். மூன்று ஆண்டுகளில் ஐந்து பேருக்கு 450 முதல் 600 லிட்டர். மேலே மிதக்கும் ஏட்டையும், விருந்தினர் வரும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளளவு நியாயமானது. இரண்டு அறைகளாகப் பிரித்து முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் ‘டி’ வடிவக் குழாய் வைத்தால்தான் மேல் ஏடு வெளியே போகாமல் நிற்கும். அடித்தளத்துக்கு முறையாகக் கான்கிரீட் போட்டு, உட்புறம் நீர் கசியாமல் பூச வேண்டும். அடித்தளம் போடாமல் விட்டு ‘நீர் இறங்கிவிடும், காலி செய்யும் வேலையே வராது’ என்று சொல்பவர் கட்டிக் கொடுப்பது செப்டிக் டேங்க் அன்று, மலக்குழி. பிராட் தெருவில் இருந்ததும் அப்படிப்பட்டதுதான்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது, அல்லது கசடு மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது, லாரி வைத்து எடுக்க வேண்டும். வழியத் தொடங்கிய பிறகு அழைப்பது என்பது உறிஞ்சுகுழி கெட்ட பிறகு அழைப்பதாகும். அடைபட்ட மண்ணை யாராலும் கழுவித் தர முடியாது. எடுத்த கசடு எங்கே கொட்டப்படுகிறது என்று லாரிக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஓடையில் கொட்டப்பட்டால் மூன்று ஆண்டாகத் தொட்டி செய்த வேலை ஒரே நாளில் வீணாகிறது. ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது இலக்கு, பாதுகாப்பான கழிவகற்றல் என்ற கணக்கில் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் ஒன்றுபோல் ஏற்கிறது. இரண்டிலும் கழிவு இறுதியில் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. தொட்டிக்குள் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது, இறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையாக நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறந்துபோவது அதனால்தான். மூடியை மண் போட்டு மூடாமல், லாரியின் குழாய் எட்டும் இடத்தில் தொட்டியை அமைத்தால் அந்த அவசியமே எழாது.

இணைப்பும் வாங்கிக்கொண்டு, பாதுகாப்புக்குத் தொட்டியையும் இடையில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். சாதாரணப் பாதாளச் சாக்கடையில் இது தேவையில்லை, நல்லதுமன்று. தொட்டியில் கெட்டுப்போன நீர் ஹைட்ரஜன் சல்பைடோடு குழாய்க்குள் போகிறது. அந்த வாயுவைக் குழாயின் மேற்சுவரில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக்கிக் கான்கிரீட்டை அரித்துவிடும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. திடப்பொருளை ஒவ்வொரு வீட்டுத் தொட்டியும் நிறுத்திக்கொள்ள, தெளிந்த நீரை மட்டும் குறுகிய குழாய்களில் கொண்டுசெல்லும் முறை தென் ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் 1960களிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய ஊரில் தொட்டி கட்டாயம். அதை எடுத்துவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் எந்த முறை என்று கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், இன்று தனி வீட்டுக்குரியதாக நாம் கருதும் செப்டிக் டேங்க்கை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் 1890களில் அமைத்தபோது, நகரச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கவே அமைத்தார்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இணைப்புக்கு ஒரு முறை கட்டணமும் பிறகு மாதாந்தரக் கட்டணமும் இருக்கும். தொட்டிக்குக் கட்டுமானச் செலவும், லாரிச் செலவும், பத்து இருபது ஆண்டுகளில் உறிஞ்சுகுழியைப் புதிதாக அமைக்கும் செலவும் வரும். மாதாந்தரக் கட்டணம் இல்லை என்பதால் தொட்டி மலிவானதாகத் தோன்றுகிறதே தவிர, பெரும்பாலான வீடுகளில் இருபது ஆண்டுக் கணக்குப் போட்டால் அப்படி இருப்பதில்லை. அதோடு தொட்டியும் குழியும் விழுங்கும் நிலத்தின் மதிப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தொட்டி கட்ட முடிவெடுத்தவர்கள் கட்டும்போதே செய்துகொள்ள வேண்டியவை இவை. தொட்டியை வீட்டின் முன்புறத்தில், தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே அமைக்கவும். தொட்டிக்கு முன் ஒரு சேம்பர் வைத்து, அங்கிருந்து மதில் வரை சரியான வாட்டத்தில் 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் பதித்து மூடி போட்டு வைக்கவும். தெருக்குழாயில் ஓட்டம் வரும் நாளில் அந்த சேம்பரில் திசையை மாற்றினால் போதும். தரையையோ தோட்டத்தையோ பெயர்க்க வேண்டியிராது. குழாய் பதித்த தடத்தை அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள், ஏனென்றால் பத்து ஆண்டு கழித்து வரும் பிளம்பர் உங்கள் கொத்தனாரைத் தேடிப் போக மாட்டார். இணைப்புக்கு மாறிய பிறகு பழைய தொட்டியை அப்படியே விடக் கூடாது. நீர் தேங்கிக் கொசு பெருகும், என்றாவது மேல்பலகை உடைந்து யாராவது உள்ளே விழக்கூடும். லாரி வைத்து முழுவதும் காலி செய்து, மேல்பலகையை நீக்கி, நீர் தேங்காமல் இறங்குவதற்காக அடித்தளத்தில் மேலிருந்தே இயந்திரத்தால் துளையிட்டு, மணலும் உடைகல்லும் கொட்டி நிரப்பி இறுக்கி மூட வேண்டும். அந்தத் தொட்டியில் மழைநீர் சேமிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. குடிப்பதற்கு மட்டுமின்றி, ஆழ்துளைக் கிணற்றுக்கு ஊட்டம் கொடுப்பதற்கும் அது உதவாது.